டாக்டர் செங்கோடனின் ஒரே கேஸ்

வைத்தியம் கேட்டுப் போன செங்கோடன் டாக்டராகத் திரும்பி வந்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. அங்கே போகிற எல்லாரையும் அப்படித்தான் அனுப்பி வைக்கிறார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதிப்பேரைப் போல அவரும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் போனவர். இருபத்தெட்டு வருஷம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய்ப் பூமியில் ஓட்டை போட்டு ஊராருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மழைக்காலத்தில் இரண்டு மாசம் வீட்டுக்கு வருவார். கல்யாணம், காதுகுத்து, எழவு என்று பத்து மாசத்துப் பாக்கிக்கெல்லாம் அந்த இரண்டு மாசத்தில் தலைகாட்டிவிட்டு மறுபடி வண்டி ஏறிவிடுவார். போன வருஷம் இரண்டு முழங்காலும் சேர்ந்து மக்கர் பண்ணியபோதுதான் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. அவர் மனைவி கந்தம்மாள் அவரோடு பேசுவதில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேச நாலு பேர் கிடைப்பார்கள். காலையில் "காப்பி வெச்சிருக்கறனுங்க" என்பாள். மத்தியானம் "சோறு வெச்சிருக்கறனுங்க." அவ்வளவுதான். எருமையோடு பேசினாள். பால் சொசைட்டி அக்காவோடு பேசினாள். டிவி தொடரில் வருகிற மாமியாரோடு வாய்விட்டுச் சண்டை போட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மோனிஷாவோடு கதவுக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் போனில் பேசுவாள். செங்கோடன் உள்ளே நுழைந்தால், "செரி சாமி, வெச்சர்றேன்" என்று முடித்துக்கொள்வாள்.

அவரும் முயன்று பார்த்தார். ரிக்கின் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. "மழ வருமாட்ட இருக்குது!" என்று வாசலில் நின்று முழங்குவார். பதில் வராது. கொடியில் காய்ந்த துணி மட்டும் உள்ளே போகும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்பதை ஐம்பத்தேழாவது வயதில் செங்கோடன் கற்றுக்கொண்டார். சத்தீஸ்கர் காட்டில், பாஷை தெரியாத ஊரில்கூட அவருக்கு இப்படி நெஞ்சை அடைத்ததில்லை. அங்கே பேச ஆள் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இங்கே ஆள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. 'அகண்ட ஆழ்மன அறிவியல் பல்கலைக்கழகம், நாமக்கல். தேர்வு பயம், திக்குவாய், தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர், வியாபார மந்தம், கணவன் மனைவி பேசாமை அனைத்துக்கும் ஹிப்னாடிசம் மூலம் நிரந்தரத் தீர்வு.' 'கணவன் மனைவி பேசாமை' என்ற வார்த்தைகளைச் செங்கோடன் மூன்று தடவை படித்தார். மறுநாள் காலை நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழகம் ஒரு கோழித்தீவனக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே தவிட்டு வாசம் கூட வந்தது. மேலே இரண்டு அறை. ஒன்றின் மேல் 'வேந்தர்' என்றும் இன்னொன்றின் மேல் 'வளாகம்' என்றும் எழுதியிருந்தது. வளாகத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் சுகன்யா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மேஜையில் இருந்த பலகை அவளை 'முனைவர்' என்றது.

"ஏனுங்க, வைத்தியம் பாக்கோணும்" என்றார் செங்கோடன்.

"டிப்ளமோவா, டிகிரியா, டாக்டரேட்டா சார்?"

"அதில்லீங்க அம்மணி. வைத்தியம். என்ற ஊட்டுக்காரி பேச மாட்டேங்கறா."

சுகன்யா ஒரு அட்டவணையைப் பார்த்தாள். "அதுக்கு டாக்டரேட்தான் சார் வரும். திக்குவாய்னா டிப்ளமோவே போதும்."

தனக்குப் படிப்பு வேண்டாம், வைத்தியம் போதும் என்று செங்கோடன் மறுபடி சொன்னார். சுகன்யா பொறுமையான பெண். "இங்க பேஷண்டுக்கு ரெஜிஸ்டரே இல்லீங்க சார். ஆரம்பிச்சு ஆறு வருசம் ஆச்சு. ஆயிரத்தி எரநூறு டாக்டருங்க வெளிய போயிருக்கறாங்க. பேஷண்டுன்னு ஒருத்தர்கூடப் போனதில்ல. நானே எக்ஸாம் பயத்துக்கு வைத்தியம் பாக்க வந்தவதான். இப்ப எக்ஸாம் கன்ட்ரோலரே நான்தான்."

"பயம் போயிருச்சுங்களா?"

"எக்ஸாமே வெக்கறதில்லீங்களே சார்" என்றாள் சுகன்யா.

வேந்தர் முனைவர் முனைவர் அருணகிரி உள்ளே இருந்தார். முனைவர் என்று இரண்டு தடவை போட்டிருந்தது அச்சுப்பிழை இல்லை. இரண்டு பட்டம் வாங்கியிருந்தார், இரண்டையும் அவரே கொடுத்திருந்தார். இதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். அங்கே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த பழக்கம்தான் இங்கே கை கொடுக்கிறது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். "அங்கயாவது ஆர்டிஓ முன்னால எட்டுப் போட்டுக் காட்டோணும். இங்க அந்தத் தொந்தரவும் இல்லீங்க."

செங்கோடன் ஒரு சந்தேகம் கேட்டார். "இத கவர்மெண்டு ஒத்துக்குமுங்களா?"

அருணகிரி நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம். "கவர்மெண்டு எதுக்குங்க அங்கீகாரம் குடுக்குது? நம்பிக்கை இல்லாததுனால. ஒருத்தர் மேல நம்பிக்கை இருந்தா சர்டிபிகேட்டு எதுக்குங்க? நம்ம யுனிவர்சிட்டி முழுக்க முழுக்க நம்பிக்கையில நடக்குது."

"அப்பறம் நீங்க எதுக்குங்க சர்டிபிகேட்டு குடுக்கறீங்க?"

"அது நம்பிக்கைக்குச் சர்டிபிகேட்டுங்க" என்றார் வேந்தர். பிறகு, வந்தவர் விவரமானவர் என்று தோன்றியதோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கீகாரமே இல்லீன்னு நெனச்சுக்காதீங்க. பசிபிக் கடல்ல ஒரு தீவு. அங்க உலக ஆழ்மனப் பேரவைன்னு ஒண்ணு இருக்குது. அவிங்க நமக்கு அங்கீகாரம் குடுத்திருக்கறாங்க. அந்தப் பேரவைக்கு அங்கீகாரம் குடுத்தது யாருங்கறீங்க? நாமதான். ரெண்டு பக்கமும் கட்டுன கயிறு. அறுந்தே போகாது."

செங்கோடன் கட்டணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். ரசீதிலேயே 'டாக்டர் செங்கோடன்' என்று எழுதியிருந்தது.

படிப்பு நாலு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு கண்ணை மூடக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் ஞாயிறு பிறர் கண்ணை மூட வைப்பது. மூன்றாம் ஞாயிறு வீட்டு வாசல், விசிட்டிங் கார்டு, கார் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை ஆகிய இடங்களில் டாக்டர் என்று எப்படிப் போடுவது. இதற்குத்தான் மாணவர்கள் நிறையக் குறிப்பு எடுத்தார்கள். நாலாம் ஞாயிறு போட்டோ.

வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேரும் ஏதோ ஒரு நோயோடு வந்து இங்கே மாட்டியவர்கள்தான். கோழிப்பண்ணை மாதேஷ் மட்டும் நோயில்லாமல் வந்தவர். அவர் கோழிகளுக்காக வந்திருந்தார். விலை விழுந்த கவலையில் கோழிகள் முட்டை குறைத்துவிட்டதாக அவருக்கு ஒரு எண்ணம். கோழிக்கு விலை எப்படித் தெரியும் என்று செங்கோடன் கேட்டபோது, "நான் போன்ல பேசறத அதுங்க கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்குதுங்க" என்றார் மாதேஷ். மூன்றாவது வாரம் நாலாயிரம் கோழிகளையும் ஒரே நேரத்தில் மயக்கத்தில் ஆழ்த்தியதாக அறிக்கை கொடுத்தார். ஒரு ஆதாரம் கேட்டார் வேந்தர். கோழிகள் இரவு எட்டு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் வீடியோவை மாதேஷ் காட்டினார். வேந்தர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

பட்டம் வாங்க ஒரு 'கேஸ்' செய்து காட்ட வேண்டும். ஒருவரை எதிரே உட்கார வைத்து, மயக்கி, அவர் பேசுவதை எழுதிக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. பெயர், வயது, ஆழம், முற்பிறவி, கையொப்பம். மாணவர்கள் வகுப்பிலேயே ஜோடி சேர்ந்து ஒருவரை ஒருவர் மயக்கிக்கொண்டார்கள். மாதேஷுக்குக் கோழிகள் இருந்ததால் அவர் ஜோடி சேரவில்லை. மிச்சம் பத்துப் பேரில் புருஷன் பெண்டாட்டியாக வந்த இரண்டு ஜோடி, அண்ணன் தம்பி ஒரு ஜோடி, ராசிபுரத்து ஜவுளிக்கடைக்காரர்கள் மூன்று பேர் ஒரு கூட்டணி. எண்ணிப் பார்த்தால் செங்கோடன் ஒருவர்தான் பாக்கி. சுவரோரமாக நின்று எல்லாரும் எல்லாரையும் தூங்க வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊட்டம்மாவையே கேஸா எடுங்க சார்" என்றாள் சுகன்யா. "அதுக்குத்தான வந்தீங்க?"

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தயங்கினார். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியபின், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போன கந்தம்மாளின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "ஏ புள்ள, எனக்கொரு பரீட்ச இருக்குது. முன்னால ஒக்காந்து செத்த நேரம் கண்ண மூடிக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். என்ன பரீட்சை என்று கேட்கவில்லை. "எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வாரனுங்க" என்றாள்.

வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். செங்கோடன் புத்தகத்தைப் பிரித்து, "உங்கள் கால்விரல்கள் தளர்கின்றன!" என்று முழங்கினார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

குரலைத் தணித்தார். புத்தகப்படி அவளைப் பத்துப் படி கீழே இறக்க வேண்டும். மூன்றாம் படியில் மூக்குக் கண்ணாடி நழுவிப் பக்கம் மாறிவிட்டது. படிகள் கைவிட்டுப் போனதும் செங்கோடன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ரிக்கில் பூமிக்குள் இறக்குகிற ராடு ஒன்று இருபது அடி. "இருவது அடி… நாப்பது அடி… மண்ணு லூசா இருக்குது, மெல்லப் போலாம்… நூறு… எரநூறு… இனிப் பாறை, செத்த நேரம் ஆகும்…" யாரையும் அவசரப்படுத்தாமல் ராடு ராடாக இறக்கினார். வாழ்க்கையில் அவர் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே காரியம் அது. அறுநூற்றைம்பது அடிக்கு வந்தபோது கந்தம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"போன் பண்ணுனா மழ பேஞ்சுதான்னு கேப்பீங்க. எரும சென புடிச்சுதான்னு கேப்பீங்க. நீ என்ன பண்றேன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. நானும் மழையப் பத்தியே சொல்லிப் பழகிட்டேன்."

செங்கோடன் பேனாவை எடுத்தார். படிவத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"ஒம்பது வருசத்துக்கு முன்னால சேலத்துல எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. மோனிஷாவுக்குப் பரீட்ச, அவகிட்டயும் சொல்லுல. பால் சொசைட்டியக்காதான் கொண்டுபோய்ச் சேத்திட்டு வந்தாங்க. புருசன் கையெழுத்து வேணும்னு நர்சம்மா சொன்னாங்க. வெளிய டீ குடிக்கப் போயிருக்கறாருங்க, வாங்கியாரேன்னு பாரத்த எடுத்துட்டு வராண்டாவுக்குப் போனேன். செங்கோடன்னு நானே எழுதிக் கொண்டாந்து குடுத்தேன். பதினாலாம் நெம்பர் பெட்டு. பக்கத்துப் பெட்டுக்காரி, உங்க ஊட்டுக்காரரு எங்கீங்கன்னு கேட்டா. இப்பத்தான் போனாருன்னேன். மறுநாளும் கேட்டா. இப்பத்தான் போனாருன்னேன். நாலு நாளும் அதையே சொன்னேன். அஞ்சா நாளு அவ கேக்கறத உட்டுட்டா. அன்னிக்குத்தானுங்க எனக்கு அழுகை வந்துச்சு."

செங்கோடனுக்கு அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. மழைக்காலத்தில் வந்தபோது, என்ன இளைத்துவிட்டாய் என்று கேட்டார். வெயிலுங்க என்றாள். அதோடு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் பேசினாள். பதினாலு பக்கம் வந்தது. எருமை கத்தியதும் கண்ணைத் திறந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் மயக்கத்தில் இருந்தாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா என்று செங்கோடனுக்குத் தெரியாது. அவர் கண்ணும் கலங்கியிருந்ததால் கடைசி இரண்டு பக்கம் கோணல்மாணலாக இருந்தது.

அன்று சாயங்காலம், "ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். மறுநாள், தொடரில் யார் யாருக்கு என்ன முறை என்று விளக்கினாள். அதற்கடுத்த நாள், பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டதைப் பற்றி அரைமணி நேரம் திட்டினாள். செங்கோடன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வரப்பு போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு. அந்தப் பத்து நாள் அவர் சந்தோஷமாக இருந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போட்டோ எடுத்தாகிவிட்டது, அங்கி வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது, கேஸ் மட்டும்தான் பாக்கி என்று சுகன்யா தினம் போன் செய்தாள்.

பதினாலு பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சுகன்யா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். "ஆழம், அறுநூத்தம்பது அடின்னு போட்டிருக்கீங்க. நல்லாருக்குது. ஆனா முற்பிறவிக் கட்டம் காலியா இருக்குதுங்களே சார். டாக்டரேட்டுக்கு ஒரு பொறப்பாவது வேணும்."

விஷயம் வேந்தரிடம் போனது. அருணகிரி பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது. "இதுலயே இருக்குதுங்களே! நாலு நாளும் வராத புருசன். இதுதான் முற்பிறவி."

"அது நான்தானுங்க" என்றார் செங்கோடன்.

"நீங்க எங்க இருக்கறீங்க?"

"இங்கதானுங்க."

"அப்ப வந்துட்டீங்க. வராதவரு வேற ஆளு." அருணகிரி பேனாவைத் திறந்தார். "யோசிச்சுப் பாருங்க. உங்களப் பாத்தா சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப வராம இருக்கற மனுசனாட்டவா தெரியுது? அந்த அம்மா மனசுல ஏதோ முந்நூறு வருசத்துப் பழைய பொறப்புக் கணக்கு கெடக்குது. அதப் பாவம் உங்க மேல ஏத்திட்டாங்க. நம்ம சயின்ஸ் என்ன பண்ணுதுன்னா, பாரத்த எறக்கி வெக்குது."

உள்ளதைச் சொல்வதென்றால் செங்கோடனுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. பத்து நாளாக அந்தப் பதினாலாம் நம்பர் படுக்கை அவர் நெஞ்சில் கிடந்தது. அதைத் தூக்கி இன்னொருவன் தலையில் வைக்கலாம், அவனும் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செத்தவன் என்றால், ஆட்சேபிக்க யார் வரப்போகிறார்கள்? முற்பிறவிக் கட்டத்தை வேந்தரே நிரப்பிக் கொடுக்க, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பட்டமளிப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் முப்பது அடிக்குப் பேனர். அதில் பட்டதாரிகள் பதினோரு பேரும் வேந்தரைச் சுற்றி மேகத்தில் மிதந்தார்கள். மாதேஷுக்குப் பக்கத்தில் ஒரு கோழியும் மிதந்தது. கந்தம்மாள் நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அங்கியை மாட்டிக்கொண்டு நின்ற செங்கோடனைப் பார்த்து, "வக்கீலாட்ட இருக்கறீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை.

வேந்தர் பேசினார். "பெரிய பெரிய மெடிக்கல் காலேஜுல அஞ்சரை வருசம் படிக்க வைக்கறாங்க. ஏன்? அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல. நாம நாலே ஞாயித்துக்கெழமையில முடிக்கறோம். நம்ம டாக்டருங்க ஆயிரத்தி எரநூறு பேருல ஒருத்தர்கூட இன்னிக்கு வரைக்கும் தப்பான மருந்து எழுதினதில்ல. எந்த மருந்தும் எழுத நமக்கு அனுமதியில்ல. அவ்வளவு பாதுகாப்பான மருத்துவம்! நம்ம பட்டத்த ரத்து பண்ணோணும்னு சில பேரு கெளம்பியிருக்கறாங்க. நான் சவால் விடறேன். எந்தக் கோர்ட்டாலயும் முடியாது. இருக்கறதத்தானே ரத்து பண்ண முடியும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாதேஷுக்குத் தங்கப் பதக்கம். அவர் கோழிகள் சார்பாகவும் நன்றி சொன்னார். பிறகு, இந்த ஆண்டின் சிறந்த ஆய்வு என்று அறிவித்து, வேந்தரே அதை மேடையில் படித்தார். 'சேலம் மருத்துவமனைக்கு வராத முற்பிறவிக் கணவர்: ஓர் ஆழ்மன ஆய்வு.' ஆய்வாளர், டாக்டர் செங்கோடன்.

செங்கோடன் திடுக்கிட்டார். சர்டிபிகேட்டில் தலைப்புப் போடுவார்கள் என்று தெரியும். படிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வேந்தர் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சேலத்தில் ஒரு பெண். அவளுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சேலத்தில் நர்சம்மா எப்படி இருந்தாள் என்று இருநூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கணவன் கையெழுத்தை அவளே போடுகிறாள். பதினாலாம் நம்பர் படுக்கை. இப்பத்தான் போனாரு, இப்பத்தான் போனாரு. மண்டபமே உச்சுக்கொட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவி, எந்தப் பொறப்புல இருந்தாலும் வெளங்குவானா அவன்?" என்று பின்வரிசையில் ஒருவர் சபித்தார்.

செங்கோடன் மேடையிலிருந்து கந்தம்மாளைப் பார்த்தார். அவள் மூன்றாம் வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை. இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கி காலைத் தட்டியது, முழங்கால் வலித்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்தப் பெண்மணி இந்தப் பிறவியில் நம்ம மத்தியில் இருக்காங்க!" என்றார் வேந்தர். மைக்கை எடுத்துக்கொண்டு சுகன்யா ஓடினாள். "அம்மா, அந்தப் பிறவியைப் பற்றி ரெண்டு வார்த்தை."

கந்தம்மாள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாவகமில்லீங்க" என்றாள்.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. "கேட்டீங்களா?" என்று வேந்தர் கை உயர்த்திக் கூவினார். "துளிகூட ஞாபகமில்ல! அறுநூத்தம்பது அடி ஆழத்துக்கு இதைவிட என்னங்க அத்தாட்சி வேணும்?"

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இருக்கைதான் கிடைத்தது. திருச்செங்கோடு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து எருமைக்குத் தண்ணீர் காட்டினாள். மறுநாள் காலை, "காப்பி வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆயிற்று. செங்கோடன் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். வேலை இருக்குதுங்க என்று போய்விட்டாள். பேனா இல்லாமல் வந்து உட்கார்ந்து பார்த்தார். வரப்பைப் பற்றி அவராக எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

ஆனால் பெயர் பரவிவிட்டது. பல்கலைக்கழகமே பத்திரிகைக்குச் செய்தி கொடுத்து, வாசலுக்குப் பலகையும் அடித்து அனுப்பியிருந்தது. 'டாக்டர் செங்கோடன், தம்பதியர் மௌன நோய் நிபுணர்.' சங்ககிரி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் அவர் வயசுக்காரர்கள், லாரியிலும் ரிக்கிலும் போய்விட்டு வீடு திரும்பியவர்கள். வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "நீங்க ஊட்டம்மாவப் பேச வெச்சீங்களாமுங்களே" என்று மரியாதையாகக் கேட்டார்கள். செங்கோடன் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்து, நாமக்கல்லுக்கு வழி சொல்லி அனுப்பினார். வேறு என்ன சொல்ல?

ஒரு நாள் அங்கமுத்து வந்தார். பதினோரு வருஷம் அவரோடு ஒரே ரிக்கில் ஓடியவர். அவருக்கும் இடுப்பு போய்விட்டது, வீட்டுக்கு வந்துவிட்டார். பலகையை ஒரு முறை, செங்கோடனை ஒரு முறை பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எரும மாட்டுகிட்டப் பேசறாப்பா. எங்கிட்டப் பேச மாட்டேங்கறா" என்றார்.

கந்தம்மாள் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். "வாங்கண்ணா" என்றாள் அங்கமுத்துவைப் பார்த்து. உள்ளே போனாள். அடுப்படிக் கதவு திறந்தே இருந்தது.

செங்கோடனால் இவரிடம் நாமக்கல்லுக்கு வழி சொல்ல முடியவில்லை. "அங்கமுத்து, அந்தப் படிப்பெல்லாம் வேண்டாம். நேரா ஊட்டுக்குப் போ. முன்னால ஒக்காரு. அவிங்க பேசுனா கேட்டுக்க. பேனா எடுக்காத. ஒரு வார்த்தையக்கூட ஊட்டத் தாண்டி வெளிய உடாத." கம்ப்ரஸர் குரல் தானாக வந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்கு வராதவன் நான்தான்! போன பொறப்பும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. இந்தப் பொறப்புல, ஒம்பது வருசத்துக்கு முன்னால, நான்தான் போகுல! அவ பொய் சொல்லுல. நான்தான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கமுத்து டம்ளரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். செங்கோடன் கதவையே பார்த்தார்.

கந்தம்மாள் வெளியே வந்தாள். டம்ளர்களை எடுத்தாள். செங்கோடனைப் பார்க்கவில்லை. அங்கமுத்துவிடம்தான் சொன்னாள், அமைதியாக, கோபமே இல்லாமல்.

"அவரு இல்லீங்கண்ணா அது. வேற ஆளுன்னு சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்க."

டம்ளர்களோடு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கமுத்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த சர்டிபிகேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஆமாப்பா" என்றார். "முத்திரையெல்லாம் போட்டுத்தான் குடுத்திருக்கறாங்க."